நிலவறையில் ஒரு விருந்தாளி

அத்தியாயம் 9

வெள்ளி நள்ளிரவோடு கட்டடத்தின் காப்பீடு முடிகிறது. இன்று செவ்வாய்.

லூலே விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பிராங்க்ஸ் வட்டாரம் இன்னும் இருட்டாக இருந்தது. மேம்பாலத்தில் ரயில் போனது. கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

அப்பா பிரெங்க் அல்பேனிய மலையிலிருந்து வந்து, இதே வட்டாரத்தில் குப்பை அள்ளி, பாய்லர் பழுதுபார்த்து, கடைசியில் வாங்கிய ஐந்து மாடிக் கட்டடம் இது. செங்கல் சுவர். முப்பது வீடுகள். இருபது வருடம் ஒரே கம்பெனியில் காப்பீடு இருந்தது. ஒரு தடவைகூட இவர்கள் இழப்பீடு கேட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தக் கம்பெனி அடுக்குமாடிகளே வேண்டாம் என்று ஊரைவிட்டுப் போனது. அடுத்து வந்த கம்பெனி இரண்டு மடங்கு வாங்கியது. இப்போது அதுவும் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது.

காப்பீட்டுத் தரகர் கார்மைன் லூலேயிடம் ஒளித்துப் பேசவில்லை. எங்கோ ஒரு கட்டடம் எரிந்திருக்கும். எங்கோ ஒருவர் படியில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டிருப்பார். கடலோரத்தில் புயல் அடித்திருக்கும். கம்பெனிகளுக்கே காப்பீடு தருகிற பெரிய கம்பெனிகள் விலையை ஏற்றியிருக்கும். எல்லாம் சேர்ந்து இந்தத் தெருவில் வந்து விழுகிறது என்றான்.

“உங்கப்பா கட்டடம் சுத்தமானதுதான். ஆனா அவங்க கட்டடத்தைப் பார்க்கறதில்ல லூலே. பின்கோடைப் பார்க்கறாங்க. பார்த்ததும் ஃபைலை மூடிடறாங்க.”

ஒரே ஒரு கம்பெனி மட்டும் மூடவில்லை. நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றது. அவர்களுடைய ஆள் இன்று பத்து மணிக்கு வருகிறார்.

அவர்களும் இல்லையென்றால் வங்கி சும்மா இருக்காது. கட்டடத்தின் மேல் வாங்கிய கடன் பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. வங்கியே ஒரு காப்பீட்டை வாங்கி இவர்கள் தலையில் கட்டும். அந்தச் சுமையை இந்த வாடகை தாங்காது. வாரம் தவறாமல் போன் செய்து கட்டடத்தை விலைக்குக் கேட்கிற ஆளுக்கு, ஒரு நாள் சரி என்று சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வளவும் லூலேக்குத் தெரிந்ததுதான். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒன்று. நிலவறையில், பாய்லருக்கு அடுத்த அறையில், ஒருவர் மூன்று மாதமாகப் படுத்துக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அது போன வாரம்தான் தெரிந்தது. நிலவறையில் ஆள் தூங்குவது தெரிந்தால் எந்தக் கம்பெனியும் காப்பீடு தராது.

*

லாஸர் அவளுக்கு முன்பே எழுந்து, கட்டிலை மடித்து, பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டிருந்தார். தரையைக் கூட்டியிருந்தார். துண்டு, சோப்பு, ரேடியோ எல்லாம் ஒரே பையில்.

“மாமா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்…”

“தெரியும் பொண்ணே. நான் பார்க்காத இன்ஸ்பெக்டரா. சிலுவையை மட்டும் ஆணியில விட்டிருக்கேன். அது எல்லா பாய்லர் ரூம்லயும் இருக்கும், யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.”

ஹாலண்ட் அவென்யூவில் ஒரு கட்டடத்தை கிட்டத்தட்ட முப்பது வருடம் பராமரித்தவர் அவர். பிரெங்க் இந்த ஊருக்கு வந்திறங்கிய முதல் குளிர்காலத்தில் அவருக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான். போன வருடம் அந்தக் கட்டடத்துக்கு யாரும் காப்பீடு தரவில்லை. முதலாளி விற்றார். புதிதாக வந்தவர்கள் வெளிக் கம்பெனியை வைத்துப் பெருக்கிக்கொண்டார்கள். வேலையோடு வந்த வீடு வேலையோடு போனது. எழுபது வயதில் லாஸர் ஒரு பையோடு பிரெங்கின் வாசலில் வந்து நின்றார். இனி நீ என் விருந்தாளி என்று பிரெங்க் வாக்குக் கொடுத்தார்.

வாக்குக் கொடுத்தவர் மாடிக்கு அழைத்துப் போகவில்லை. கீழே அழைத்துப் போனார். காரணம் அம்மா.

“சாயங்காலம் வரைக்கும் லிடிக் அவென்யூ காபிக் கடையில இருப்பேன்,” என்றார் லாஸர். “சீட்டாட ஆள் இருக்கும். நான் மெதுவாத் தோப்பேன். ஆறு மணி வரைக்கும் தாங்கும்.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். உறுதியாக இருந்தது. தலையாட்டிவிட்டுப் போனார்.

*

மாடியில் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்த கன்னத்தில் ஒரு சின்னக் கீறல். அம்மா த்ரானா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று மாவுத் தாளை விரித்துக்கொண்டிருந்தாள். யார் வந்தாலும் புரெக், அந்த அடுக்கு மாவுப் பலகாரம், இருக்க வேண்டும். காப்பீட்டு ஆள் என்றாலும்.

லூலே ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னாள். கூரை, கதவுகள், பாய்லர், நடைபாதை. நிலவறையில் சாமான் மட்டும்தான். யாரும் தூங்குவதில்லை.

“கேட்டா?” என்றார் பிரெங்க்.

“கேட்க மாட்டாங்க.”

“கேட்டா?”

“நான் பதில் சொல்லிக்கறேன் அப்பா. நீங்க பேசாம இருங்க.”

“சரி, ஆபீசரம்மா.”

த்ரானா திரும்பாமலே பேசினாள். “உங்கப்பனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தா நாம இப்ப மன்ஹாட்டன்ல இருப்போம்.”

லாஸரின் பெயரை அவள் சொல்வதில்லை. பதினோரு வருடத்துக்கு முன் அவளுடைய அண்ணன் ஸெஃப் இறந்தபோது, பல ஊர்களிலிருந்து ஆட்கள் துக்கம் கேட்க வந்தார்கள். மூன்று நாள் வாசலில் வீட்டு ஆண்கள் வரிசையாக நின்று, வந்தவர்களின் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினார்கள். உள்ளே, துக்க வீட்டு வழக்கப்படி, சர்க்கரையில்லாத காபி. டெட்ராய்ட்டிலிருந்து வந்தார்கள். கனெக்டிகட்டிலிருந்து வந்தார்கள். நாலு தெரு தள்ளி இருந்த லாஸர் வரவில்லை.

அதற்குப் பிறகு த்ரானா அவரைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

ஆனால் இந்த மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக மேஜையில் இருக்கும். அது யாருக்கு என்று அவள் சொல்ல மாட்டாள். பிரெங்க் ஒரு துணியைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு கீழே போவார். தட்டு கழுவித் திரும்பி வரும். லூலே அதை ஏதோ வாடகைக்காரக் கிழவருக்கென்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

வந்தவர் ஒரு பெண். மிஸஸ் ஹோல்டர். ஐம்பது வயது இருக்கும். தடித்த ஷூ, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டார்ச். காலை வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கூரைக்குப் போனார்.

கூரை போன கோடையில் போட்டது. நீர் போகும் வழிகளில் ஒரு இலைகூட இல்லை. அவர் குனிந்து பார்த்தார். படம் எடுத்தார். படியிறங்கினார்.

ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு கதவையும் திறந்து, கையை எடுத்துப் பார்த்தார். திறந்த கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும். நெருப்பு வந்தால் புகை மாடிப்படிக்குப் போகாமல் நிற்பது அதனால்தான். ஐந்தாம் மாடிக் கதவுகள் மூடின. நான்காம் மாடிக் கதவுகள் மூடின. பிரெங்கின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது.

மூன்றாம் மாடியில் மிஸஸ் ஃபெல்ட்மனின் கதவு திறந்தே கிடந்தது. இடுக்கில் ஒரு செருப்பு.

பிரெங்க் செருப்பை எடுத்தார். கதவு மூடியது. உடனே திறந்தது. மிஸஸ் ஃபெல்ட்மன் அவர் கையிலிருந்த செருப்பை வாங்கி மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.

“என் பூனை எப்படி வரும் பிரெங்க்? மணி அடிக்குமா?”

மிஸஸ் ஹோல்டர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு அந்தக் கிழவியிடம் மெதுவாகப் பேசினார். வேறொரு தெருவில், ஒரே ஒரு கதவு திறந்து இருந்ததால், மேல் மாடியில் இருந்தவர்களுக்குப் படி கிடைக்காமல் போனதைச் சொன்னார். மிஸஸ் ஃபெல்ட்மன் கேட்டுக்கொண்டாள். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். பூனையைத் திட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

மின்சார சைக்கிள்கள் எங்கே என்று கேட்டார் மிஸஸ் ஹோல்டர். சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் நாலு பேர் இங்கே குடியிருக்கிறார்கள். பின்முற்றத்தில் இரும்புக் கொட்டகை ஒன்றை பிரெங்க் காட்டினார். தீப்பிடிக்கக்கூடிய அந்தப் பேட்டரிகள் அங்கேதான் சார்ஜ் ஆகும். வீட்டுக்குள் யாரும் கொண்டுபோவதில்லை.

“எப்படி ஒத்துக்கிட்டாங்க?”

“சண்டை போட்டேன்,” என்றார் பிரெங்க். “அப்புறம் கொட்டகைக்கு ஹீட்டர் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். போட்டும் தந்தேன்.”

நடைபாதையில் ஒரு விரிசல் இல்லை. வாசல் படியில் பனிக்கான உப்பு மூட்டை ஏற்கெனவே வந்து நின்றது. மிஸஸ் ஹோல்டர் தன் கருவியில் எதையோ தட்டினார். பிறகு, லூலே எதிர்பார்க்காத நேரத்தில், பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

“இந்த மாசம் நான் பார்த்ததுல எல்லாக் கதவும் மூடுற கட்டடம் இது ஒண்ணுதான்.”

லூலே அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

“பேஸ்மென்ட்டைப் பார்க்கலாமா?” என்றார் மிஸஸ் ஹோல்டர்.

*

பாய்லர் துடைத்து வைத்த பாத்திரம்போல இருந்தது. குழாய்களில் துணி புதிதாகச் சுற்றியிருந்தது. பக்கத்து அறையில் பெயிண்ட் டப்பாக்கள், ஏணி, பழைய கதவு ஒன்று. சுவரில் சிலுவை.

டார்ச் வெளிச்சம் சுவரில் போனது. தரையில் போனது. ஒரு மூலையில் நின்றது. அந்த மூலையில் தரை மற்ற இடத்தைவிட வெளுப்பாக இருந்தது. ஒரு கட்டில் அளவுக்கு.

“இங்க யாராவது தூங்கறாங்களா?”

கேள்வி லூலேயிடம்தான் வந்தது. ஆனால் மிஸஸ் ஹோல்டர் பார்த்தது பிரெங்கை.

லூலே வாயைத் திறந்தாள்.

“ஆமா,” என்றார் பிரெங்க். “என் விருந்தாளி.”

பாய்லர் ஒருமுறை செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

லூலே வேகமாகப் பேசினாள். விருந்தாளிதான், வாடகைக்கு இல்லை, கொஞ்ச நாளைக்குத்தான், இன்று இல்லை. சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையும் நிலைமையைக் கெடுப்பது அவளுக்கே தெரிந்தது. அப்பாவின் பக்கம் திரும்பித் தங்கள் மொழியில், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“ஏன்ப்பா? ஒரு வார்த்தை. இல்லைன்னு ஒரு வார்த்தை.”

“என் கூரைக்குக் கீழ இருக்கறவனை இல்லைன்னு சொல்லச் சொல்றியா?”

“கட்டடமே போயிடும்.”

“போகட்டும். அவன் இருக்கான்.”

மிஸஸ் ஹோல்டர் காத்திருந்தார். மொழி புரியாவிட்டாலும் அவருக்குப் பெரும்பாலும் புரிந்திருந்தது.

“நான் இதை எழுதாம இருக்க முடியாது,” என்றார்.

“எழுதுங்க,” என்றார் பிரெங்க்.

அவர் உடனே எழுதவில்லை. அறையின் ஒரே ஜன்னலுக்குப் போனார். தெருமட்டத்தில் இருக்கும் சின்ன ஜன்னல். அதில் இரும்புக் கம்பிகள். விரலால் ஒரு கம்பியைத் தட்டினார்.

“யார் போட்டது?”

“நான்தான். திருட்டுப் பயம்.”

“நல்ல வேலை.” டார்ச்சைக் கதவுப் பக்கம் திருப்பினார். கதவுக்குப் போகும் வழி பாய்லரை உரசிக்கொண்டு போனது. “ராத்திரி அந்தப் பக்கம் நெருப்புப் பிடிச்சா, உங்க விருந்தாளி எந்த வழியா வெளிய போவார்?”

பிரெங்க் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளைப் பற்றவைத்த நாள் அவருக்கு நினைவிருந்தது. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்திருந்தார். ஒரு மனிதனால் பெயர்க்க முடியாது.

அவர் முகத்தில் லூலே இதுவரை பார்க்காத ஒரு பயம் வந்தது. கோட்டின் பித்தானைப் போட்டார். மறுபடியும் கழற்றினார்.

“நீங்க இன்னும் எதைப் பார்க்கணும்?” என்று கேட்டார்.

“உங்க வீடு மட்டும்தான் பாக்கி.”

“வாங்க,” என்றார். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார்.

*

த்ரானா மூன்று கோப்பைகளோடு தயாராக இருந்தாள். வந்தவரை விருந்தறையில் உட்காரவைத்தாள். அந்த அறை வேறு எதற்கும் திறப்பதில்லை. வெல்வெட் சோபா, கண்ணாடி அலமாரி, எதிர்ச்சுவரில் ஸெஃப்பின் பெரிய படம். மீசையோடு, கோபமில்லாத முகம்.

மிஸஸ் ஹோல்டருக்குப் புரெக் வந்தது. வேண்டாம் என்றார். இரண்டாவது துண்டும் வந்தது. சாப்பிட்டார்.

பிரெங்க் உட்காரவில்லை. நின்றபடியே மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். கேட்டதையும், தான் சொன்னதையும். ஜன்னல் கம்பியைச் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அவன் மேல வரணும்,” என்றார். “உன்கிட்ட கேட்கறேன்.”

தன் முப்பத்தெட்டு வயதுக்குள் ஒருமுறைகூட அப்பா அம்மாவிடம் அப்படிக் கேட்டு லூலே பார்த்ததில்லை. சொல்வார். அம்மா மறுப்பாள். பிறகு ஏதாவது நடக்கும். கேட்டதில்லை.

த்ரானா விருந்தாளியின் பக்கம் திரும்பினாள். அவளுடைய ஆங்கிலம் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போதுமான ஆங்கிலம்.

“நெஜமா? கீழ நெருப்பு வந்தா அவர் வெளிய வர முடியாதா?”

“ஒரே கதவு,” என்றார் மிஸஸ் ஹோல்டர். “அதுவும் பாய்லர் பக்கம்.”

த்ரானா தட்டைக் கீழே வைத்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். ஒரு விரல், இன்னொரு விரல் என்று மெதுவாகத் துடைத்தாள்.

“நான் அவனை மன்னிக்கல,” என்றாள் கணவனிடம். “ஆனா எரிஞ்சு சாகணும்னு நான் எப்பவும் சொன்னதில்ல.”

எதிர்ச்சுவரைக் கையால் காட்டினாள்.

“இந்த ரூம்லயே படுக்கட்டும். ஸெஃப் படத்துக்கு நேர் கீழ. ராத்திரி பூரா அவன் முகத்தைப் பார்த்துக்கிட்டே படுக்கட்டும்.” லூலேயைப் பார்த்தாள். “நின்னுட்டு இருக்கியே, போய்க் கூட்டிட்டு வா. ஏ மனுஷா, கட்டில் தானா ஏறி வருமா?”

*

லாஸர் காபிக் கடையில் ஜெயித்துக்கொண்டிருந்தார். அது அவருக்கே சங்கடமாக இருந்தது. லூலேயைப் பார்த்ததும் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

“கட்டடம்?”

“தெரியல மாமா. அப்பா சொல்லிட்டார்.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். “சொல்லுவான்னு தெரியும். நான் இந்த ஊரைவிட்டே போயிருக்கணும்.”

“அம்மா உங்களை மேல வரச் சொல்றா.”

“எந்த அம்மா?”

“எனக்கு ஒரு அம்மாதான்.”

தெருவில் காற்று அடித்தது. லாஸர் வழியில் ஒரே ஒருமுறை நின்றார். ஒரு கடையின் கண்ணாடியில் பார்த்துச் சட்டையின் மேல் பித்தானைப் போட்டார். தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு வெறுந்தலையோடு நடந்தார்.

அவர்கள் வந்தபோது கட்டில் விருந்தறையில் விரித்திருந்தது. பிரெங்க் அதை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்திருந்தார். இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மிஸஸ் ஹோல்டர் காலியான நிலவறை அறையைப் படம் எடுத்திருந்தார். இப்போது கட்டிலைப் படம் எடுத்தார்.

போகும்போது லூலேயிடம் வாசலில் நின்று சொன்னார். பார்த்ததை எழுதுவேன். அவர் சொன்னதை எழுதுவேன். நான் கிளம்பறதுக்கு முன்னாடி நடந்ததையும் எழுதுவேன். முடிவு எடுப்பது வேறு ஆள், அந்த ஆள் இந்தத் தெருவைப் பார்த்ததுகூட இல்லை. அதற்கு மேல் நம்பிக்கை கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். பையில் காகிதத்தில் சுற்றிய புரெக் இருந்தது. அதை வேண்டாமென்று சொல்ல அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

*

லாஸர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

த்ரானா காபி கொண்டுவந்தாள். தானே கொண்டுவந்தாள். லாஸர் ஒரு வாய் குடித்தார். சர்க்கரை இல்லை.

அவருக்குப் புரிந்தது. கோப்பையை இடது கைக்கு மாற்றி, வலது கையை நெஞ்சில் வைத்தார். துக்க வீட்டில் சொல்லும் வார்த்தைகளை, முதலிலிருந்து கடைசி வரை, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

“மிச்சம் இருக்கறவங்க நல்லா இருக்கணும் த்ரானா.”

“நீயும் நல்லா இரு,” என்றாள் அவள். அதுதான் பதிலாகச் சொல்ல வேண்டியது. பிறகு சேர்த்தாள். “பதினோரு வருஷம் லேட்டு.”

லாஸர் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வந்தேன்,” என்றார்.

“எங்க வந்தே?”

“ரெண்டாம் நாள். மழை. வாசல் வரைக்கும் வந்தேன். திரும்பிப் போகச் சொன்னாங்க. போனேன்.”

“யார் சொன்னது?”

ஜன்னலோரம் பிரெங்க் தெருவைப் பார்த்தபடி நின்றார். லாஸர் மிச்சக் காபியைக் குடித்து முடித்தார். அடியில் இருந்த மண்டி வரைக்கும் குடித்தார்.

“இந்த வீட்டுக் காபியைக் குடிச்சிட்டு அதை நான் சொல்ல மாட்டேன்.”

அப்போது லூலேயின் போன் அடித்தது. கார்மைன்.

அவள் சமையலறைக்குப் போனாள். கேட்டாள். உட்கார்ந்தாள்.

நாளைதான் காகிதம் வரும், ஆனால் வார்த்தை வந்துவிட்டது என்றான் கார்மைன். தருகிறார்கள். விலை அதிகம்தான், ஆனால் பயந்த அளவு இல்லை. கட்டடத்துக்கும் தருகிறார்கள், யாராவது விழுந்தால் அதற்கும் தருகிறார்கள். ஆனால் நிபந்தனை உண்டு: நிலவறைக்குப் பூட்டு வேண்டும், ஜன்னலில் கம்பி கூடாது, ஒரு மாதத்தில் மறுபடியும் வந்து பார்ப்பார்கள். ஒரு வருடத்துக்கு மட்டும்.

“ஒரு வருஷத்துக்கு அப்புறம்?”

“ஒண்ணு ரெண்டு கம்பெனி திரும்பி வருதுன்னு பேச்சு. பேச்சுதான். ஆனா போன வருஷம் பேச்சுகூட இல்ல.” கார்மைன் சிரித்தான். “உங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லு. அந்த முடிவு எடுக்கற ஆள் சொன்னான். எந்தக் கட்டடத்துல கேட்டாலும் பேஸ்மென்ட்ல யாரும் தூங்கலைன்னுதான் சொல்றாங்களாம். ஆமான்னு சொன்ன ஒரே ஆள் இவர்தானாம். அதனால மத்ததையெல்லாம் நம்பறானாம்.”

லூலே போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மேம்பாலத்தில் ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் ஒரு வருடத்துக்கு அவர்களுடையது.

அப்பாவிடம் சொல்லப் போனாள். அவர் ஜன்னலோரம் இல்லை.

கீழே இருந்து சத்தம் வந்தது. இரும்பை அறுக்கும் சத்தம்.

*

பிரெங்க் மேலே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கோட்டில் துருத் தூள். கையில் ஒரு கம்பி, ஏன் எடுத்துவந்தார் என்று தெரியாமல் பிடித்திருந்தார். லூலே படியிலேயே அவரிடம் செய்தியைச் சொல்லியிருந்தாள். அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டு வந்திருந்தார்.

லாஸர் குளியலறையில் இருந்தார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் மெதுவாக ஒரு பாட்டு.

விருந்தறையில் த்ரானா மட்டும். கட்டிலுக்குப் புது விரிப்பு. ஸெஃப்பின் படத்தைத் துடைத்திருந்தாள்.

“ரெண்டாம் நாள்,” என்றாள் அவள், திரும்பாமல். “மழை பேஞ்ச அன்னிக்கு. வாசல் வரிசையில முதல் ஆளா யார் நின்னது?”

அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். துக்க வீட்டு வாசலில் இறந்தவரின் தங்கை கணவர்தான் முதலில் நிற்பார்; வந்தவரை உள்ளே விடுவதும் திருப்பி அனுப்புவதும் அவர்தான்.

பிரெங்க் கம்பியைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கையைப் பார்த்தார். அழுக்காக இருந்தது.

“த்ரானா,” என்றார்.

“இப்ப வேண்டாம். அவன் குளிச்சிட்டு வருவான்.” விரிப்பின் ஒரு ஓரத்தை அவர் பக்கம் வீசினாள். “கையைத் துடைச்சிட்டு அந்த முனையைப் பிடி.”

அவர் கோட்டில் கையைத் துடைத்தார். குனிந்து, முனையைப் பிடித்தார்.